கடைசிப் பெயர்

ஒருவருக்கு எத்தனை மகள்கள் என்பதை ஆங்கிலத்தில் ஒரு கமா சொல்லிவிடும். ‘அவருடைய மகள்’ என்று எழுதி, கமா போட்டுப் பெயரைச் சொன்னால் ஒரே மகள். கமா இல்லையென்றால் இன்னொருத்தியும் இருக்கலாம். மகள் என்ற இடத்தில் மனைவி என்று இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. கட்டுரை எழுதிய பேராசிரியர் இதையெல்லாம் யோசித்தாரோ இல்லையோ, காப்பி எடிட்டர் யோசித்தாக வேண்டும். தெரியாத இடத்தில் நாமாக முடிவு செய்யக் கூடாது. ஓரத்தில் எழுதியவருக்கு ஒரு கேள்வி வைக்க வேண்டும். அதற்கு ‘ஆத்தர் கொயரி’ என்று பெயர்.

பிரிட்டன், அமெரிக்கப் பதிப்பகங்களின் நூல்களும் ஆய்விதழ்களும் புதுச்சேரியில் திருத்தப்பட்டுப் பக்கமாகிப் போகின்றன. மதகடிப்பட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி நான் போவது அந்த வேலைக்குத்தான். என் வரிசையில் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துப் பெண்கள் நிறைய. சிகாகோ பாணி என்றால் நீளக் கோடு, இருபுறமும் இடைவெளி கிடையாது. பல பிரிட்டிஷ் பதிப்பகங்களுக்குக் குட்டைக் கோடு, இருபுறமும் இடைவெளி. இதெல்லாம் சில மாதங்களில் கைக்குப் பழகிவிடும்.

கை நின்றுபோவது பெண்களின் பெயர்களில்தான். மேற்கோள் பட்டியலில் குடும்பப் பெயர் முதலில் வரும், பிறகு கமா, பிறகு முதலெழுத்துகள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை வெளியிட்டவர். மூவலூர் மயிலாடுதுறைப் பக்கத்து ஊர். அம்மையார் மரியாதைச் சொல். விதியை அப்படியே போட்டால் ‘அம்மையார், எம். ஆர்.’ என்று வரும். மரியாதை குடும்பப் பெயராகிவிடும், ஊர் இனிஷியலாகிவிடும், இராமாமிர்தம் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடுவார். 2003இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலோ ‘இராமாமிர்தம்மாள்’ என்று ஒரே சொல்லாக இருக்கிறது. ஒருவரையே இரண்டு விதமாக எழுதினால் தேடுபவருக்கு அவர் இரண்டு பெண்கள். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பட்டியலில் தேடுவதென்றால், கணவர் சுந்தர ரெட்டியின் பெயருக்குக் கீழே போய்ப் பார்க்க வேண்டும்.

இவை கல்லில் வெட்டிய விதிகளும் இல்லை. ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒரு நபரைக் குறிக்க ஆங்கிலத்தின் பன்மைச் சொல்லையே பயன்படுத்தலாம் என்று 2019இல் ஏ.பி.ஏ. கையேட்டின் ஏழாம் பதிப்பு ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் பல வருடம் அதைப் பிழையென்று திருத்தியவர்கள் உண்டு. தமிழில் ‘அவர்’ நமக்குப் பழையது என்று பெருமைப்படலாம். ஆனால் டாக்டரம்மாவை ‘அவர்’ என்கிற அதே வாய், பாத்திரம் தேய்க்க வருகிறவரை ‘அவள்’ என்கிறது.

எனக்கு நான்கு வயதில் அப்பா வீட்டைவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் காய்கறிக் கடை போட்டு அம்மாதான் என்னைப் படிக்கவைத்தார். இனிஷியல் மட்டும் அப்பாவுடையது. வேலையில் சேர்ந்தபோது படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தை விட்டுவிட முடியவில்லை. இனிஷியலை விரித்து அவர் பெயரைப் போட்டார்கள். அன்றிலிருந்து அலுவலகக் கடிதம் ஒவ்வொன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறது. அம்மாவின் பெயரைப் போடச் சொன்னேன். சான்றிதழில் இருப்பதுதான் வரும் என்றார்கள். தாயும் குழந்தையின் இயற்கைக் காப்பாளர்தான் என்று எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லியது. அது இன்னும் எங்கள் படிவத்துக்கு வந்து சேரவில்லை.

அதனால் தமிழ்ப் பெண் பெயர் எங்கே வந்தாலும் நான் கொயரி வைக்கிறேன்: ‘இதில் உங்கள் சொந்தப் பெயர் எது? பட்டியலில் எப்படி வர விரும்புகிறீர்கள்?’ நேரம் வீணாகிறது என்று முதலில் மேலிருந்து முணுமுணுத்தார்கள். இப்போது எங்கள் குழுவின் ஸ்டைல் ஷீட்டில் அது ஒரு வரியாகவே ஏறிவிட்டது: தமிழ்ப் பெயர்களைத் திருப்பிப் போடும் முன் கேட்கவும். பக்கத்து இருக்கைப் பெண் கல்யாணமாகி வந்ததும் இனிஷியலை மாற்றவில்லை; அவளுடைய மாமியார் கேட்டதற்கு, “ஸ்டைல் ஷீட்ல இல்லீங்க அத்தை” என்றாளாம்.

என் பெயரை மாற்றக் கேட்டு மூன்றாவது மனு கொடுத்திருக்கிறேன். கீழே போட்ட கையெழுத்தில் அம்மாவின் முதலெழுத்து இருக்கிறது.