ஒட்டுறது ஈஸி... பிரிக்கிறதுதான் வேலை!

ஐப்பசியில் வருசநாட்டு மலைகளில் மேகம் இறங்கினால், கூடவே கரன்ட்டும் போய்விடும். அப்படி ஒரு சாயங்காலத்தில்தான், டி.வி.எஸ் 50-யின் முன்பக்கம் இன்வெர்ட்டரை வைத்து, மேலே உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு அந்த மெக்கானிக் கடை வாசலில் வந்து இறங்கினார் ஒரு பெண். பஜாரில் அப்போதுதான் கரன்ட் வந்திருந்தது. மலையடிவாரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு இன்னும் வரவில்லை.

“அண்ணே, ‘டப்’புனு ஒரு சத்தம். அதோட நின்னுபோச்சு. மாமனாருக்கு ஏர் பெட்டு ஓடணும். இன்னைக்கே பார்த்துக் குடுத்துருங்கண்ணே.”

மாமனார் பக்கவாதத்தில் படுத்தவர். ஏர் பெட்டின் காற்று அறைகள் மாறி மாறி உப்பி இறங்கும். உடம்பு ஒரே இடத்தில் தொடர்ந்து அழுந்தாது, படுக்கைப்புண் வரும் ஆபத்து குறையும். மோட்டார் நின்றால் அந்த வேலையை மனுசர்தான் செய்ய வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வீட்டில் மாமியார் தனியாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தார். 8 மாஸ்பெட்களில் 3 வெடித்திருந்தன. எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து சுமை தாங்குபவை என்பதால் எட்டையும் மாற்றினால்தான் நிற்கும். ஒன்றுக்கு 3 கால்கள். மொத்தம் 24 கால்களைப் போர்டுக்குக் காயமில்லாமல் பிடுங்க வேண்டும். புது மாஸ்பெட் டப்பாவில் இருந்தது. பிடுங்கும் மெஷின்தான் மக்கர் செய்தது.

மேஜை ஓரத்தில் இருக்கும் அந்தப் பழைய டீசோல்டரிங் ஸ்டேஷனை ஆன் செய்தார். விளக்கு எரிந்தது. கன் சூடானது. டிரிகரை அழுத்தினால் பம்ப் ‘டுர்ர்’ என்று ஓடியது. ஆனால், உருகிய சோல்டர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“மாமா, இதைத் தூக்கிப் போடுங்க. ஆன்லைன்ல புதுசு ஆர்டர் போட்டுருவோம்” என்றான், ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் தொழில் பழகும் அக்கா மகன்.

“போடலாம் மாப்ள. அது மலையேறி வர்றதுக்குள்ள அந்தப் பெரியவரு என்ன செய்வாரு?”

அந்த மெஷின் கடைக்கு வந்ததற்கு ஒரு கதை உண்டு. 2006-ல் தொடங்கி 2011 வரை தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுத்தது. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று இந்தப் பக்கத்து வீடுகளிலும் 14 இன்ச் பெட்டிகள் வந்து உட்கார்ந்தன. இடியும் மின்னலும் வோல்டேஜும் சேர்ந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கடைக்கு அனுப்பின. டி.வி-க்குள் இருக்கும் இ.எச்.டி. டிரான்ஸ்பார்மருக்குப் பத்துக் கால்கள். கையால் அழுத்தும் சக்கரை வைத்து ஒவ்வொரு காலாக உறிஞ்சி உறிஞ்சி, அவர் கட்டைவிரல் வீங்கியே போனது. ஒருநாள் பொறுமையிழந்து டிரான்ஸ்பார்மரை அசைத்து இழுத்தார். போர்டின் செம்புத்தடமும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. அது, டி.வி. மட்டுமே துணையாக இருந்த ஒரு பாட்டியின் பெட்டி. தன் கைக்காசில் வேறு போர்டு வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் மனைவியின் ஏலச்சீட்டுப் பணத்தோடு சென்னைக்கு பஸ் ஏறி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்த செகண்ட்ஹேண்ட் ஸ்டேஷனை வாங்கி வந்தார். “ஒட்டுறது ஈஸி மாப்ள. காயமில்லாம பிரிக்கிறதுதான் வேலை” என்று அவர் அடிக்கடி சொல்வது, அந்தப் பாட்டி வீட்டு டி.வி. கற்றுக்கொடுத்தது.

இப்போது அந்த மெஷினுக்கே வைத்தியம். முதலில் பிளக்கைப் பிடுங்கினார். கன் ஆறும்வரை அதைத் தொடவில்லை.

“இளநிக்கு ஸ்ட்ரா போட்டு உறியிறோம்ல. வரலைன்னா என்ன காரணம்?”

“ஸ்ட்ரா அடைச்சிருக்கணும். இல்லன்னா ஓட்டையா இருக்கணும்.”

“இல்ல, உறியிறவனுக்குத் தெம்பு இல்லாம இருக்கணும். இந்த மூணுதான். வா, தேடுவோம்.”

பம்பிலிருந்து ஹோஸைக் கழற்றிவிட்டு, மறுபடி பிளக்கைச் சொருகினார். பம்பின் வாயில் விரலை வைக்கச் சொல்லி டிரிகரை அழுத்தினார். பையனின் விரல் தோலை அது கவ்விப் பிடித்தது. ஆக, உறிகிறவனுக்குத் தெம்பு இருக்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் டயபிரம் கிழியவில்லை. பம்பைப் பிரிக்கவே வேண்டாம். பாதி வேலை முடிந்தது.

திரும்பவும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கன்னின் கண்ணாடிக் குழாயைக் கழற்றினார். உறிஞ்சிய சோல்டரெல்லாம் இதில்தான் வந்து விழும். அதன் பின்னால் இருந்த வெள்ளை பில்டர், பிளக்ஸ் புகையைக் குடித்துக் குடித்துப் பழுப்பேறி அப்பளமாக இறுகியிருந்தது. மாற்றினார். குழாயின் முனையை அடைக்கும் சிலிக்கான் சீல் வெந்து வெடித்திருந்தது. அதற்கும் ஒரு உதிரி கைவசம் இருந்தது. பிறகு ஹோஸை மெல்ல வளைத்துப் பார்த்தார். கன்னுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மயிரிழை விரிசல். இரண்டு இன்ச் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டினார். ஹோஸ் கொஞ்சம் குட்டையானது, அவ்வளவுதான்.

கடைசியாக நாசில். அதைச் சூடாக்கித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஆறிய நாசிலில் கம்பியைக் குத்தினால், உள்ளே உறைந்த சோல்டரில் கம்பி சிக்கிக்கொள்ளும். சூடானதும் கிளீனிங் பின்னை விட்டு எடுத்தார். கறுத்த முனையில் புது சோல்டரைத் தடவியதும் அது வெள்ளிபோலப் பளபளத்தது. டிரிகரை அழுத்தினார். மேஜையில் சொட்டியிருந்த சோல்டர் ‘சுர்’ரென்று உள்ளே போனது.

அடுத்து இன்வெர்ட்டர் போர்டு. இங்கேயும் ஒரு சிக்கல். பழைய சோல்டரில் 63 சதவிகிதம் வெள்ளீயம், 37 சதவிகிதம் ஈயம். அது 183 டிகிரியில் உருகிவிடும். 2006 ஜூலையில் ஐரோப்பாவில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின், ஈயமில்லாத வகை பரவியது. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்த போர்டில் இருந்தது அந்த வகைதான். பையன் சூட்டைக் கூட்டப் போனான். அவர் தடுத்தார்.

“சூட்டைக் கூட்டுனா தடம் உரியும். கொஞ்சம் பழைய சோல்டரைச் சேர்த்துப் பாரு. ரெண்டும் கலந்தா சீக்கிரம் இளகிரும்.”

நாசிலைக் காலுக்கு மேல் கவிழ்த்து, உருகும்வரை காத்திருந்து, காலை லேசாகச் சுழற்றி, கால் சுதந்திரமாக ஆடிய பிறகே டிரிகரை அழுத்தினார். ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது. 2 கால்களை அவர் எடுத்தார். மீதி 22-ஐ பையன் எடுத்தான். ஒரு தடம்கூட உரியவில்லை.

எட்டு புது மாஸ்பெட்டும் ஏறின. கேட் ரெசிஸ்டர்களைச் சோதித்து, கருகிய இரண்டை மாற்றினார்கள். பேட்டரிக்கு நேராகக் கொடுக்காமல், நடுவில் ஒரு 12 வோல்ட் பல்பை சீரியஸில் போட்டுப் பார்த்தார்கள். பல்பு மின்னி அணைந்தது. உள்ளே ஷார்ட் இல்லை. அந்தப் பெண் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். ராத்திரி 9 மணிக்கு போன் வந்தது. “பெட்டு ஊதுதுண்ணே. அத்தை இப்பத்தான் கண்ணசந்தாங்க.”

கடையடைக்கும் நேரம். மெக்கானிக் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார். “இருங்க மாமா” என்றான் பையன். சூடு இருக்கும்போதே நாசிலில் பின்னை விட்டு எடுத்தான். இரண்டு முறை வெறும் காற்றை உறிஞ்சவிட்டான். முனையில் புது சோல்டரைத் தடவினான். அதன்பிறகே அணைத்தான். கண்ணாடிக் குழாய் ஆறியதும், அதிலிருந்த கசடை ஓரத்து டப்பாவில் கொட்டி மூடினான். அதில் ஈயம் இருக்கிறது. தெருவில் கொட்டினால் மழைத்தண்ணீர் அதை மூல வைகைக்குக் கொண்டுபோய்விடும். டப்பா நிறைந்ததும் பழைய போர்டுகளோடு சேர்த்து மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம்.

ஆறிப்போன வடையை மெக்கானிக் எடுக்கப் போனார்.

“மாமா, கை! சோப்புப் போட்டுக் கழுவிட்டுச் சாப்பிடுங்க.”

புது மெஷின் வாங்கும் பேச்சை அன்றைக்கு அவன் மறுபடி எடுக்கவில்லை.