கடல் கடந்த கட்டுமரம்

ஆங்கில அகராதியைப் புரட்டும்போது தமிழ்ச்சொல் ஒன்று எதிர்ப்பட்டால், அயலூரில் உறவினரைக் கண்டாற்போல் உள்ளம் மகிழ்கிறது. 'கேட்டமரான்' அத்தகைய சொல். கொட்டிவாக்கம் குப்பத்தை அடுத்து வாழும் எனக்கு அதன்மீது தனிப்பற்று உண்டு.

மிதக்கும் மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். இடுக்கில் புகுந்த நீர் அவ்வழியே வடிந்துவிடுவதால் அது மூழ்குவதில்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே காயவைப்பார்கள்.

1583-இல், வெனிஸ் நகர மணி வணிகர் காஸ்பரோ பால்பி, ஏழு உருட்டு மரங்களைப் பிணைத்த இக்கலத்தை 'கத்தமெரோனி' என்று தம் நாவுக்கேற்பத் திரித்து எழுதினார். ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலிலும் இது இடம்பெற்றது. துறைமுகம் இல்லாத அந்நாளைய சென்னையில், பேரலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கடிதம் கொண்டு சென்றவர்கள் கட்டுமரக்காரர்களே. கடிதம் நனையாதிருக்கக் குல்லாய்க்குள் வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்களாம். வெள்ளையர் வாயில் இச்சொல் நிலைத்ததற்கு அந்தக் குல்லாய்க்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

அப்பால் அச்சொல் பட்ட பாடு கொஞ்சமன்று! 1804-இல் பிரெஞ்சு நாட்டுப் பூலோன் துறைமுகத்தின்மீது ஆங்கிலேயர் ஏவிய வெடிமருந்து மிதவைகளுக்கு இப்பெயரை இட்டார்கள். சண்டைக்காரப் பெண்ணையும் இப்படி அழைத்தார்கள். முதலசை பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாய் ஒலித்ததால் போலும். 1876-இல் அமெரிக்கர் நத்தானியேல் ஹெரஷாஃப் இரட்டை உடற்படகு ஒன்றைப் பந்தயத்தில் ஓட்டி வென்றார். நாளடைவில் அவ்வகைப் படகுக்கே இப்பெயர் உரியதாயிற்று. அவ்வடிவமோ பசிபிக் தீவினரின் பழஞ்சொத்து. பெயர் நம்முடையது, பொருள் பிறருடையது!

சொல்லாராய்ச்சி நம் வீட்டுக்கும் புதிதன்று. 'மரக்காயர்' என்னும் பட்டப்பெயரைத் தமிழ் மரக்கலத்தோடு இணைப்பாரும், அரபுமொழியின் 'மர்கப்' என்பதோடு இணைப்பாரும் உளர். இரண்டுக்கும் பொருள் கப்பல்தான். வழக்கு இன்னும் தீரவில்லை. தீராவிட்டாலும் நமக்கு நட்டமில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் தமிழகக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் அருகின. என் பெயரனோ, "நன்னா, கேட்டமரான் என்றால் இரண்டு உடல் உள்ள பாய்ப்படகு" என்று தன் பாடநூலைக் காட்டி எனக்கே விளக்கம் சொன்னான். சென்ற வாரம் குப்பத்து முதியவர் ஒருவரிடம், கட்டுப்போடும் முறையைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"கட்டுவதற்கு மரம் எங்கே பாய்?" என்றார்.