பார்த்துக்கொள்பவருக்குத் தலை சுற்றினால்: ஒரு நோயின் நாட்குறிப்பு

மறதிநோய் கண்ட கணவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்குத் திடீரென்று கடும் தலைச்சுற்றல் வந்தால், அந்த வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு நோயாளிகள் இருப்பார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகிலுள்ள வடக்கனந்தல் போன்ற ஊர்களில் இந்த நிலை எளிதில் உண்டாகும். பிள்ளைகள் பெங்களூரிலோ திருப்பூரிலோ சென்னையிலோ பிழைக்கிறார்கள். வீட்டில் முதியவர்கள் இருவர் மட்டும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பத்தாரின் கையில்தான் இருக்கிறார்கள். மனைவி நோயாளியாகி, கணவர் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கும் கீழ்வரும் குறிப்புகள் பொருந்தும்.

முதல் நாள், விடியற்காலை

படுக்கையில் புரண்டு படுக்கும்போதோ எழுந்து உட்காரும்போதோ தொடங்குவதே பெரும்பாலும் வழக்கம். கூரையும் சுவரும் சுழலும், குமட்டும், வாந்தி வரும், கால் ஊன்ற முடியாது. ‘பித்தம்’ என்று எலுமிச்சைச் சாறோ இஞ்சிச் சாறோ குடித்துப் படுத்துவிடுவது கிராமங்களில் பரவலாக நடக்கிறது. ஆனால் காரணம் பெரும்பாலும் காதில் இருக்கிறது.

உள்காதிலுள்ள ஒரு பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்குத் தெரிவிப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. வயது ஏற ஏற அவற்றுள் சில கழன்று, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடும். தலையைத் திருப்பும்போது துகள்கள் நகர்ந்து குழலிலுள்ள நீரைத் தள்ளும். அசையாத உடலைச் சுழல்வதாக மூளை எண்ணிக்கொள்ளும். இவ்வகைச் சுற்றல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும், தலை அசைந்தால் திரும்ப வரும். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்ற ராபர்ட் பாரானி 1921இல் இதை விவரித்தார். படுக்க வைத்துத் தலையைத் திருப்பிக் கண்டுபிடிக்கும் சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் வெளியிட்டார்கள்.

இன்னொரு வகை, உள்காது நரம்பில் ஏற்படும் அழற்சி. இதில் சுற்றல் நிற்காது. மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில் நீடிக்கும். கண்விழி தானாக ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுக்கும். காது கேட்பது பெரும்பாலும் குறைவதில்லை.

எந்த வகையானாலும் முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நிற்கக் கூடாது. தரையில் உட்கார்ந்தோ படுத்தோ அசையாத ஒரு பொருளின் மேல் பார்வையை நிறுத்த வேண்டும். நகர்ந்தே ஆக வேண்டுமென்றால் தவழ்ந்து போகலாம். இந்த நேரத்தில் பாயில் படுத்திருப்பவர் கட்டிலில் படுத்திருப்பவரைவிடப் பாதுகாப்பானவர்; விழுவதற்கு உயரம் இல்லை.

பெரிய இடர் அதே அறையில் விழித்தெழும் மற்றவரால் வருவது. ஆண்டாண்டாக விடியலில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், நிலத்தைக் குத்தகைக்கு விட்டதை மறந்துவிட்டு, அந்நேரத்தில் கதவைத் திறக்கப் போவார். வெளியே சுவரில்லாத கிணறு இருக்கும், வாய்க்கால் இருக்கும், ஆலைக்குக் கரும்பேற்றிப் போகும் வண்டிகள் இருக்கும். மனைவி வாந்தியெடுப்பதைக் கண்டு மிரண்டு அவரைத் தூக்கி நிறுத்தப் பார்ப்பவரும் உண்டு. நடந்ததை மறந்தாலும் முகத்தில் தெரியும் பயத்தை மறதிநோயாளர் உடனே வாங்கிக்கொள்வார். நீண்ட விளக்கம் அவருக்குப் பயன்படாது. “இங்க உக்காருங்க”, “என் கையப் புடிச்சுக்கோங்க” என்ற இரண்டு வார்த்தைகளும் பிடித்துக்கொள்ள ஒரு கையும் பல நேரங்களில் போதும். அவர் உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டை அழைக்க வேண்டும். இதற்காகவே கைப்பேசி இரவில் தலைமாட்டில் இருக்க வேண்டும். அலமாரியில் இருக்கும் கைப்பேசி அன்று எட்டாது.

அன்று காலை

காதால் வரும் சுற்றல் உயிருக்கு ஆபத்தானதல்ல. ஆனால் சிறுமூளைக்கோ மூளைத்தண்டுக்கோ செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும் இதே சுற்றல் வரும், அது பக்கவாதம். பேச்சு குழறுதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், முகமோ கையோ மரத்துப்போதல், விழுங்க முடியாமை, இதுவரை இல்லாத கடும் தலைவலி, பிடித்துக்கொள்ளாமல் உட்காரவே முடியாத நிலை ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவருக்கு நிற்காத சுற்றல் முதன்முறையாக வந்தால், இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போவதே சரி. அடைப்பைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. தொடங்கிய நேரத்தை யாராவது எழுதி வைப்பது நல்லது.

வடக்கனந்தல் மக்களுக்கு மாவட்டத்தின் பெரிய மருத்துவமனை இப்போது எட்டும் தூரத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மருத்துவரிடம் ‘மயக்கம்’ என்று மட்டும் சொல்வது போதாது. எப்போது தொடங்கியது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எந்த அசைவில் கூடுகிறது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். முதல் சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்பதால் பக்கவாதம் இல்லை என்று ஆகிவிடாது. மூளையின் பின்பகுதியில் புதிதாக ஏற்பட்ட அடைப்பை அது பல நேரம் காட்டாது. நடையையும் கண்ணசைவையும் மருத்துவர் பார்த்துச் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று: வீட்டில் மறதிநோயாளர் ஒருவர் இருக்கிறார், வேறு ஆள் இல்லை. இதைச் சொல்லாமல், ‘அவரு தனியா இருக்காரே’ என்ற தவிப்பில் படுக்கை வேண்டாமென்று வீடு திரும்பும் மனைவிமார்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அந்தத் தவிப்பு அன்பிலிருந்து வருவது. அதைக் குறை சொல்ல இயலாது. அதனால்தான் அதற்கொரு ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும். கணவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்வது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். அந்தக் கூட்டமும் வெளிச்சமும் சத்தமும் அவர் குழப்பத்தைக் கூட்டும். தெரிந்த முகம் ஒன்று அவரோடு அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருப்பது நல்லது.

முதல் இரவு

வாந்தியையும் சுற்றலையும் அடக்க புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்ற மாத்திரைகளைத் தருவார்கள். இவை தூக்கத்தைக் கொடுக்கும். பார்த்துக்கொள்பவர் அசந்து தூங்கும் இரவில், மற்றவர் எழுந்து நடமாடுவார். மறதிநோயில் பொழுது சாய்ந்த பின் பதற்றம் கூடுவது பலரிடம் காணப்படும். அந்த ஓர் இரவாவது மூன்றாவது ஆள் வீட்டில் படுக்க வேண்டும்.

அந்த மாத்திரைகளைக் கணவர் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பதும் அவ்வளவு முக்கியம். தன்னுடையது என்று நினைத்து அவர் விழுங்கிவிட்டால் உடல் விறைப்பும் குழப்பமும் வரக்கூடும். லூயி உடல் வகை மறதிநோய் உள்ளவருக்கு புரோகுளோர்பெரசின் பெருந்தீங்கு செய்யும். இரவு முழுவதும் சிறு விளக்கு எரிய வேண்டும். சுற்றலில் இருப்பவர் கண்ணை நம்பியே நிலைகொள்கிறார். மறதியில் இருப்பவரும் வெளிச்சத்தில்தான் கழிப்பறைக்கு வழி காண்கிறார். கழிப்பறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது இருவருக்கும் பாதுகாப்பு.

மூன்றாம் நாள்

சுற்றலை அடக்கும் மாத்திரைகளை, மருத்துவர் வேறாகச் சொன்னாலொழிய, சில நாள்களுக்கு மேல் தொடரக் கூடாது. ஒரு காது சரியாகச் செயல்படாதபோது, மற்றொரு காதையும் கண்ணையும் பாதத்தையும் கொண்டு நிலைகொள்ள மூளை புதிதாகக் கற்றுக்கொள்கிறது. மாத்திரைகள் அந்தக் கற்றலைத் தாமதப்படுத்தும். படுத்தே கிடப்பதும் அப்படித்தான். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பழக்கம் நோயை நீட்டிக்கிறது.

துகள் நகர்ந்ததால் வந்த சுற்றலுக்கு மாத்திரை மருந்தே அல்ல. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரக் காது மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த முறையே அதற்குச் சிகிச்சை. கோளாறுள்ள காதின் பக்கம் தலையைத் திருப்பிப் படுக்க வைத்து, பிறகு மறுபக்கம் திருப்பி, உடலையும் அதே பக்கம் உருட்டி, கடைசியில் உட்கார வைப்பார்கள். துகள்கள் குழலைவிட்டு வெளியேறும். ஐந்தாறு நிமிட வேலை. பெரும்பாலோர் ஒன்றிரண்டு முறையிலேயே தேறிவிடுகிறார்கள். எந்தக் காது என்று தெரியாமலும் கழுத்தெலும்புக் கோளாறு இருக்கும்போதும் தானாகச் செய்துபார்க்கக் கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ செய்ய வேண்டும்.

இரண்டாம் வாரம்

சுழற்சி நின்றாலும் நடையில் தள்ளாட்டம் இருக்கும். கட்டை விரலை நீட்டிப் பிடித்து, பார்வையை அதிலேயே வைத்துக்கொண்டு தலையை மெல்ல இருபுறமும் திருப்பும் பயிற்சியை நாள்தோறும் செய்தால் தேறலாம். இதைப் போன்ற பயிற்சிகளை 1940களில் இங்கிலாந்தில் காதார்ன், குக்ஸி என்ற இருவர் வகுத்தார்கள்.

இவற்றோடு நடைப்பயிற்சியும் வேண்டும். இங்கே இரண்டு நோய்களின் தேவையும் ஒன்றாகிவிடுகிறது. மாலையில் நடப்பது மனைவியின் தள்ளாட்டத்தைக் குறைக்கும். கணவரின் பொழுதுசாய்ந்த பதற்றத்தையும் பல நேரம் தணிக்கும். வண்டி வராத தெருவில், வெளிச்சம் இருக்கும்போதே, கூட ஒருவர் வர இருவரும் நடக்கலாம். ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு தனியே நடப்பது இந்த வாரத்தில் கூடாது. ஒருவர் சாய்ந்தால் இருவரும் விழுவார்கள். கணவரைக் குளிப்பாட்டுவதும் தூக்குவதும் குனிந்து செய்யும் வேலைகள். அவற்றை வேறொருவர் செய்ய வேண்டும், அல்லது நாற்காலியில் உட்கார வைத்துச் செய்ய வேண்டும்.

இரண்டாம் மாதம்

துகளால் வரும் சுற்றல் திரும்ப வரக்கூடியது. ஆகவே வீட்டில் சில ஏற்பாடுகள் நிலையாக வேண்டும். கணவர் சாப்பிடும் மாத்திரைகள், அவர் தூங்கும் நேரம், எதைக் கண்டால் கோபப்படுவார், எந்தப் பேச்சில் அமைதியாவார் என்பவற்றை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். புதிதாக வருபவருக்கு அதுவே வழிகாட்டி. கணவரின் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்க வேண்டும். வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். மனைவி படுத்துவிட்டால் வர வேண்டிய இருவரின் பெயரை வெளியூரிலுள்ள பிள்ளைகள் முன்பே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். தாய்க்கு நோய் வந்த பிறகு தொலைபேசியில் ஆள் தேடுவது காலங்கடந்த வேலை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பிசியோதெரபியும் அத்திட்டத்தில் உண்டு. வரும் பணியாளரிடம் மறதிநோயாளரைப் பற்றி மட்டுமன்றி அவரைப் பார்த்துக்கொள்பவரின் சுற்றல் பற்றியும் சொல்லிப் பதியவைக்க வேண்டும். முதியோர் உதவிக்கு 14567, மனச்சோர்வுக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். சுற்றல் வந்துபோன பின், ‘இன்னொரு முறை விழுந்தால் இவர் கதி என்ன’ என்ற அச்சம் பலரைத் தூங்கவிடாது. அதற்கும் உதவி கேட்கலாம். பார்வைச் சோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை, வைட்டமின் டி அளவு ஆகியவற்றை இந்த மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். வைட்டமின் டி குறைந்தவர்களுக்குத் துகள் சுற்றல் திரும்ப வருவது அதிகம்.