22 நிமிஷத் தூக்கம்

தூக்க மாத்திரைன்னா நம்ம ஊர்ல ரெண்டு கட்சி. 'தொட்டா அவ்ளோதான், அடிமையாயிடுவே'ங்கறது ஒண்ணு. அல்பிரசோலத்தைப் பத்து வருஷமா தினம் ராத்திரி பாலோட முழுங்கிட்டு, 'டேய், எனக்கு என்னடா ஆச்சு'ன்னு கேக்கறது இன்னொண்ணு. எங்க வீட்ல அம்மா முதல் கட்சி, பெரியப்பா ரெண்டாவது. நடுவுல நான், கையில டாக்டர் எழுதிக்கொடுத்த பத்து ஜோல்பிடெமோட.

மூணு மாசமா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கால். அப்புறம் படுத்தா நாலு மணிக்கும் தூக்கம் வரலை. 'ஏழெட்டு மணி நேரம் படுக்க முடிஞ்சா மட்டும் போடுங்க'ன்னார் டாக்டர். அதனால வெள்ளி, சனி மட்டும் போட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் தூங்கினேன், பொய் சொல்லக்கூடாது.

ஆனா இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? நோண்டினேன். 2012-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்திருக்கு. டம்மி மாத்திரையோட ஒப்பிட்டா, இந்த ரகம் சராசரியா 22 நிமிஷம் சீக்கிரமா தூங்க வைக்குதாம். அவ்ளோதான்! முதல்ல சிரிப்பு வந்துச்சு. ஆனா விட்டத்தைப் பார்த்துட்டுக் கிடக்கிறவனுக்குத்தான் 22 நிமிஷத்தோட அருமை தெரியும்.

இப்ப செலவுக் கணக்கு. உடம்புல இந்த மருந்து பாதியாக் குறையவே சுமார் ரெண்டரை மணி நேரம் ஆகும். காலைல வண்டி ஓட்டறப்பவும் மிச்சம் இருக்குன்னுதான் 2013-ல அமெரிக்காவோட எஃப்.டி.ஏ., பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராம்லேர்ந்து 5 ஆக்கச் சொல்லுச்சு. சிலர் தூக்கத்துலயே எழுந்து கார் ஓட்டியிருக்காங்க, மறுநாள் ஒண்ணும் ஞாபகமில்லை. அதுக்காக 2019-ல கட்டம் கட்டின எச்சரிக்கையே போட்டாங்க. வார நாள்ல எனக்குக் கிடைக்கிறது நாலரை மணி நேரம், அப்புறம் ஓ.எம்.ஆர்.ல பைக். 22 நிமிஷத்துக்கு அந்த ரிஸ்க் எனக்குக் கட்டுப்படியாகாது. காலை முன்னாடி மாத்தச் சொல்லி மேனேஜர்கிட்ட கேட்டாச்சு.

மாத்திரை இல்லாத வைத்தியமும் இருக்கு. தூக்கம் வரலைன்னா கட்டிலை விட்டு எழுந்துடணும், எப்பப் படுத்தாலும் காலைல ஒரே நேரத்துக்கு எழுந்திரிக்கணும், இந்த மாதிரி சில வாரம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல்ல இதைத்தான் செய்யணும்னு அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பு 2016-ல சொல்லியிருக்கு. படு போர், ஆனா வேலை செய்யுதாம்.

எனக்குப் பெரியப்பாவை நினைச்சாத்தான் பயம். எழுபது வயசுல, அந்த மாத்திரை மயக்கத்தோட பாத்ரூம் போறப்ப விழுந்தா இடுப்பெலும்பு போச்சு. அதுக்காக நாளையிலேர்ந்து நிறுத்துங்கன்னும் சொல்ல முடியாது. பழகின உடம்புல திடீர்னு நிறுத்தினா தூக்கம் இன்னும் மோசமாகும், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்றபடி கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

சனிக்கிழமை அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அம்மாகிட்ட சொல்லலை. ரெண்டு கட்சியும் ஒரே ஆட்டோல வந்தா என்னால தாங்க முடியாது :-)