தண்ணீர் வெளுக்கும் இடம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் வாசக அன்பர்களுள் பலர் பயணம் செய்திருப்பீர்கள். ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே இன்று தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில், உருக்கிய அலுமினியத்தை அச்சில் வார்த்து வண்டி உறுப்புகள் செய்யும் பிரிவில் நாம் பணியாற்றி வருகிறோம். வார்த்த உறுப்பினுள் காற்றுக்குழி ஏதும் மறைந்திருக்கிறதா என்று, செவிக்கு எட்டாத ஒலியைச் செலுத்திச் சோதிப்பது நமது வேலை. நாம் பிறந்ததோ குமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில். தந்தையார் கடலில் உழைத்து நம்மைப் படிக்க வைத்தார். தம்பி படிப்பை விட்டுக் கடலோடு நின்றுவிட்டான். அவனுடைய வள்ளத்தில் சிறு கருவி ஒன்றைப் பொருத்தப் போய், நாம் கற்றுக்கொண்ட பாடத்தையே இங்கு எழுதத் துணிகிறோம்.

சென்ற ஆண்டு உயிர்ப்புத் திருநாள் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, தம்பி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நம்முன் வைத்தான். மீன் காட்டும் கருவி! மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கியிருந்தான். "அண்ணே, நீங்கதான் இதை மாட்டித் தரணும்" என்றான். நமக்குப் பெருமை தாங்கவில்லை. தினந்தோறும் நாம் கையாளும் கருவியின் உடன்பிறப்பல்லவா அது!

இதன் தத்துவம் எளிது. டிரான்ஸ்டியூசர் என்னும் கைக்கடக்கமான உறுப்பு வள்ளத்தின் அடியில் நீருக்குள் இருந்துகொண்டு ஒலியை அனுப்புகிறது; அடித்தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 30 மீட்டர் ஆழத்திற்குச் சென்று திரும்ப, விநாடியில் 25-இல் ஒரு பங்கு போதும். மீனின் வயிற்றில் உள்ள காற்றுப் பை ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்புவதால், மீன் இருக்கும் இடமும் திரையில் தெரிகிறது. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய முயன்ற பிரெஞ்சு அறிஞர் லான்ஜ்வன் வளர்த்த கலை இது. அதை மீனவர் கைக்குக் கொண்டுவந்தவர்கள், 1948-இல் ஜப்பான் நாட்டு நாகசாகி பகுதியில் மீன்பிடி படகுகளின் மின்கருவிகளைப் பழுதுபார்த்து வந்த ஃபுருனோ சகோதரர்கள்.

நம் தந்தையாருக்கு இவை எதுவும் தேவைப்பட்டதில்லை. கணியம் பார்ப்பதில் அவர் வல்லவர். கரையிலுள்ள கோவில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலை முகட்டையும் ஒரே நேராக நிறுத்துவார். மற்றொரு திசையில் வேறிரண்டு அடையாளங்களை அவ்வாறே சேர்ப்பார். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் கடலடியில் பார் இருக்கும். பாறையடர்ந்த அந்தப் பாரில்தான் மீன் கூடும். வலை கிழிவதும் அங்கேதான். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, இத்தனை பாகம் ஆழம் என்று கையாலேயே அளப்பார். ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. குண்டின் அடியில் ஒட்டிவரும் மண்ணைப் பார்த்து, கீழே மணலா சேறா என்றும் சொல்லிவிடுவார்.

அன்று நாம் வள்ளத்தின் பின்பலகையில் இடப்புறமாக, எஞ்சினுக்கு அருகிலேயே டிரான்ஸ்டியூசரைத் திருகாணியால் பிணைத்தோம். கம்பி செல்வதற்கு அதுவே வசதியாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த தந்தையார், "மக்கா, அந்த இடத்துல தண்ணி வெளுக்குமே" என்றார். எஞ்சின் விசிறி கலக்கிவிடும் நுரையைத்தான் அவர் சொன்னார். "அதனால் ஒன்றும் இல்லை அப்பா, இது ஒலியால் வேலை செய்வது" என்று சிரித்துக்கொண்டே பதில் கூறினோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. கரையோரத்தில் வள்ளத்தை நிறுத்திவைத்துப் பார்த்தபோது கருவி ஆழத்தைச் சரியாகவே காட்டியது. மனநிறைவோடு ஊர் திரும்பினோம்.

ஒரு மாதம் சென்றிருக்கும். தம்பி தொலைபேசியில் அழைத்தான். அன்று விடியற்காலை மூடுபனியால் மலையும் கோபுரமும் தெரியவில்லை. தந்தையாரும் உடன் செல்லவில்லை. கருவியை நம்பி ஓடியிருக்கிறான். வள்ளம் வேகமெடுத்ததும் திரையில் அடித்தரை மறைந்துவிட்டது. ஆழத்தைக் குறிக்கும் எண் மட்டும் மின்னிக்கொண்டே இருந்திருக்கிறது. அடித்தரையை இழந்துவிட்டால் கடைசியாகக் கண்ட எண்ணையே அக்கருவி மின்னி மின்னிக் காட்டும் என்பதை நாம் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. சேறு என்று எண்ணி அவன் இறக்கிய வலை பாரில் சிக்கிப் பாதி கிழிந்துபோயிற்று. "பரவாயில்லை அண்ணே" என்றான். அந்தச் சொல் நம்மை மிகவும் சுட்டது. சங்கிலி அடகில், வலையோ கந்தல்.

விடை தொழிற்சாலையில் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த பயிற்சி மாணவர் ஒருவர் சோதனைக் கருவியை அலுமினிய உறுப்பின் மீது வைத்துவிட்டு, "ஒன்றுமே தெரியவில்லை சார்" என்றார். பார்த்தால், இடையே பசை தடவவில்லை. "இடையில் காற்று நின்றால் ஒலி எப்படித் தம்பி உள்ளே போகும்?" என்று கடிந்துகொண்டோம். சொல்லி முடிக்குமுன் நம் வாய் அடைத்துப்போயிற்று. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவுவதைத் தாய்மார்கள் அறிவார்கள். காற்றின் மெல்லிய படலமும் ஒலியைத் தடுத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். நுரை என்பது காற்றுக் குமிழிகளன்றி வேறென்ன? பல ஆண்டுகளாகப் பிறருக்குப் போதித்த பாடத்தைத் தந்தையார் ஒரே வரியில் சொல்லியும் நாம் கேட்கவில்லை.

அந்த வாரமே தாம்பரத்தில் ரயிலேறினோம். முதலில் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு வள்ளத்தில் சென்று, ஓடும்போது பின்புறத்து நீர் எங்கே வெளுக்கிறது, எங்கே தெளிந்து வழுக்கிச் செல்கிறது என்று அவர் சுட்டிக்காட்டக் கவனித்தோம். பின்னர் கருவியின் குறிப்பேட்டைப் பொறுமையாகப் படித்தோம். எல்லாம் அதிலும் இருந்தது! விசிறி சுழலும் வட்டத்திலிருந்து குறைந்தது 75 மில்லிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். விசிறி வலஞ்சுழியாகச் சுற்றினால், அதன் இதழ் கீழ்நோக்கி இறங்கும் வலப்புறமே நல்லது. ஃபைபர் வள்ளமானால் டிரான்ஸ்டியூசரின் முன்விளிம்பு அடிப்பாகத்திற்குக் கீழே 3 மில்லிமீட்டர் இறங்கி நிற்க வேண்டும். அலுமினியப் படகானால் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். அதன் அடியிலுள்ள ஆணித் தலைகளும் வரப்புகளும் நீரைக் கலக்கும். அலுமினியத்தில் வெண்கல உறுப்பைப் பொருத்தவே கூடாது. உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும். கருவியின் கம்பியை எஞ்சின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டலாகாது.

பழைய துளைகளை நீர் புகாத பசையால் அடைத்து, தந்தையார் காட்டிய தெளிந்த இடத்தில் வலப்புறமாகப் பொருத்தினோம். "வலப்பக்கம் வலை போட்டால்தான் மீன் கிடைக்கும் என்று இராயப்பருக்கே சொல்லப்பட்டதே" என்று தம்பி சிரித்தான். வெகுநாட்களுக்குப் பின் தந்தையாரும் சிரித்தார்.

வள்ளம் வேகமாக ஓடிற்று, அடித்தரை மறையவில்லை. தந்தையார் கரையைப் பார்த்துக் கணியம் சேர்த்து, "நிறுத்து, இதுதான் பார். பதினெட்டு பாகம்" என்றார். திரையில் 33 மீட்டர் என்றிருந்தது. கணக்குப் பார்த்தோம், பதினெட்டு பாகமேதான். தம்பி கருவியைப் பார்க்கவில்லை, தந்தையாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் அவன் ஒரு குறிப்பேடு வாங்கினான். ஒவ்வொரு பாரின் பெயரையும், தந்தையார் சொல்லும் கணியத்தையும், கருவி காட்டும் ஆழத்தையும் அருகருகே எழுதி வருகிறான். சங்கிலி இன்னும் அடகிலிருந்து மீளவில்லை. பாதிக் கடனை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அது தருமமன்று, நம் பிழைக்குரிய ஈடு.

கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் அது ஒரு காதுதான். இரைச்சலில் வைத்தால் அதற்கு எதுவும் கேட்காது. அன்று கரையில், படித்தவன் என்ற எண்ணத்தால் நம் காதும் அவ்வாறே நுரைக்குள் இருந்தது. நம் வீடுகளில் மூத்தவர்கள் ஒருமுறைதான் சொல்வார்கள். சிரித்துத் தள்ளினால் மறுமுறை சொல்லமாட்டார்கள். அந்த ஒரு முறையிலேயே கேட்டுக்கொள்ளப் பழகுவோமாக.