யன்னலோரப் பேணி

எங்கள் வீட்டுக்கு எட்டு யன்னல்கள். அவற்றுள் ஏழுக்கு மின்காவல் உண்டு. அந்த ஏழும் ஊமையாகிப்போயின என்பதை முதலில் அறிந்தவன் நானல்லன், என் மனைவி.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைநாட்டை உலுக்கிச் சென்றதை வாசகர்கள் அறிவர். நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் முழுக் குடும்பங்களையே விழுங்கின. அதன் முன்னிலையில் எங்கள் இழப்பு இழப்பே அன்று. சில நாள் மின்சாரம் இல்லை, பின்வளவில் ஒரு மதில் சரிந்தது, அவ்வளவே. மின்சாரம் மீண்டதும் அலாரப் பெட்டியின் பச்சை விளக்கு ஒளிர்ந்தது. எல்லாம் சரி என்று நானும் எண்ணியிருந்தேன்.

ஒரு மாலை படுக்கையறைக்குள் போனபோது பின்பக்க யன்னற்கட்டில் ஒரு பால்மாப் பேணி இருந்தது. உள்ளே ஒரு கரண்டி. பேணியிலிருந்து ஒரு நூல் கம்பிகளினூடே சென்று யன்னற் கொளுக்கியில் கட்டப்பட்டிருந்தது.

"இது என்ன?"

"ஒன்றுமில்லை, கிடக்கட்டும்" என்றாள்.

விடாமல் கேட்டபோதுதான் சொன்னாள். இரண்டு நாளுக்கு முன் நள்ளிரவில் காற்று அந்த யன்னலை இழுத்துத் திறந்திருக்கிறது. அலாரம் போட்டுத்தான் படுத்திருந்தோம். சைரன் அலறியிருக்க வேண்டும், மூச்சும் விடவில்லை. அவள் எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து படுத்திருக்கிறாள். நான் குறட்டை விட்டபடி இருந்தேனாம்.

அலாரம் வெளிநாட்டிலுள்ள மகனின் பிடிவாதத்தால் பூட்டப்பட்டது. பூட்டிய நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த வகை இப்போது வருவதில்லை, முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். பத்திரிகைத் தொழிலில் நாற்பது வருடம் கழித்தவனுக்கு ஓய்வூதியம் என்று ஒன்றில்லை. தொகையைக் கேட்டுக்கொண்டு தொலைபேசியை வைத்தேன்.

பிறகு கட்டுகஸ்தோட்டை வீதியில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் ஓர் இளைஞனை அழைத்து வந்தேன். சிங்களப் பையன். அதிகம் பேச மாட்டான். ஏணியில் ஏறி முதல் யன்னலின் சிறு பெட்டியைத் திறந்தான். அவ்வளவுதான், சைரன் வானைப் பிளந்தது. மூடியைக் கழற்றினாலே கத்தும்படி பெட்டிக்குள் ஒரு சிறு பொத்தான் வைத்திருக்கிறார்கள். திருத்துமுன் பெட்டியைச் சோதனை நிலைக்கு மாற்ற வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு கையில் தும்புத்தடியுடன் ஓடி வந்தார். ஆக, அந்த ஒரு யன்னலிலாவது உயிர் இருந்தது என்று மகிழ்ந்தோம். அதுவும் அரைகுறை உயிரே என்பது பின்னர் தெரிந்தது.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று அவன் விளக்கியபோது எனக்கு வியப்பாக இருந்தது. நான் ஏதோ பெரிய மின்னணு மாயம் என்று எண்ணியிருந்தேன். யன்னற் சட்டத்தில் ஒரு பெட்டி. கதவில் ஒரு காந்தம். பெட்டிக்குள் நெல்மணியை விடச் சற்றே நீண்ட கண்ணாடிக் குழாய். அதற்குள் முனைகள் தொட்டும் தொடாமலும் நிற்கும் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் அருகில் இருந்தால் அவை ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். பிரியும் அக்கணத்தில் பெட்டி வானொலி அலையில் செய்தி அனுப்பும். இந்த 'றீட் சுவிச்' 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வோல்டர் எல்வுட் என்பவர் உருவாக்கியது. யன்னலுக்கு மின்காவல் போடும் எண்ணம் அதைவிடப் பழையது. 1853இலேயே அகஸ்டஸ் போப் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை பெற்றார். கதவோ யன்னலோ திறந்தால் மின்சுற்று மூடி மணி அடிக்கும். நூலும் பேணியும் செய்யும் வேலைதான். நூலுக்குப் பதில் கம்பி.

நோய் மூன்று வகையாக இருந்தது. சில பெட்டிகளில் பற்றரி செத்திருந்தது. பொத்தான் போன்ற மூன்று வோல்ற் பற்றரி அது; கடைசி வரை நல்ல பிள்ளைபோல் இருந்துவிட்டுத் திடீரென்று கைவிடும். இரண்டில் ஈரம் புகுந்து தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு. மற்றவற்றில் கருவியே பழுதில்லை, யன்னல்தான் பழுது. எங்கள் வீடு பழையது, பலகை யன்னல்கள். வாரக்கணக்கில் குடித்த மழையில் மரம் ஊதி, கதவு சட்டத்தோடு படியாமல் நின்றது. காந்தத்துக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு விரற்கடை விழுந்தாலே தகடுகள் ஒட்டா. ஒட்டாதவை பிரிவதெப்படி? பிரியாவிட்டால் செய்தி இல்லை. செய்தி இல்லாவிட்டால் பெட்டி 'எல்லாம் நலம்' என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். விலையுயர்ந்த வகைகளில் ஒவ்வொரு கருவியும் குறித்த இடைவெளியில் 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்குமாம். எங்களுடையது அப்படியன்று. செய்தி ஆசிரியர் மேசையில் இருந்த காலத்தில் மாவட்ட நிருபரிடமிருந்து அழைப்பு வராவிட்டால் 'அங்கே ஒன்றும் நடக்கவில்லை' என்று பக்கத்தை முடித்த இரவுகள் என் நினைவுக்கு வந்தன. சில தடவை தொலைபேசிக் கம்பி அறுந்திருந்தது.

பெரிய பெட்டியின் உள்ளே இருக்கும் 12 வோல்ற் பற்றரியும் பயனற்றுப் போயிருந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரத்தை வெட்டினார்களே, அப்போதே அதன் ஆயுள் பாதி போயிருக்கும். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருளாக்கிய நாளும் கணக்கில் உண்டு. (உடவத்தகலைக் காட்டிலிருந்து வரும் எங்கள் குரங்குகள் சமையலறை யன்னலோடு திருப்தியடைபவை. அந்த எட்டாவது யன்னலுக்கு மின்காவல் போடாததன் காரணமும் அவைதான். நாளுக்கு நாலு தடவை சைரன் ஒலித்தால் யார் தாங்குவது?)

மரத்தைச் சீவிவிடலாமா என்று கேட்டேன். பையன் மறுத்தான். தை, மாசியில் வெயில் வரும், மரம் ஒடுங்கும், இப்போது சீவினால் அப்போது ஆடும் என்றான். காந்தத்தின் கீழ் மெல்லிய பலகைத் துண்டு வைத்து அதைப் பெட்டிக்கு அருகே கொண்டுவந்தான். முன்பு பசைநாடாவால் ஒட்டியிருந்தார்கள். கண்டியின் ஈரத்துக்கு அது நிற்காது. எல்லாவற்றையும் திருகாணியால் இறுக்கினான். களிம்பைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தது நான். ஒவ்வொரு பெட்டியின் உட்புறத்திலும் பற்றரி மாற்றிய திகதியைப் பென்சிலால் எழுதியதும் நானே.

எந்த யன்னல் எவ்வளவு ஊதியிருக்கிறது என்று அவன் அளந்து பார்க்க முனைந்தபோது என் மனைவி குறுக்கிட்டாள். முன் அறை இடப்பக்க யன்னல் மேலே முட்டும், கீழே முட்டாது. சாப்பாட்டறை யன்னல் திறக்கும்போது முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு 'டக்'. நடு அறையினது சத்தமே இல்லாமல் திறக்கும், அதுதான் மோசமானது. அளந்து பார்த்தான். ஒன்றும் பிழைக்கவில்லை.

"இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"இருட்டில் கேட்டுக்கொண்டு கிடந்தால் தெரியும்" என்றாள்.

1983 ஜூலையில் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது இந்த வீட்டு முன் யன்னலுக்கு ஒரு கல் வந்தது. அது எனக்குத் தெரியும்; கண்ணாடியை மாற்றியவன் நான். 1988, 89ஆம் ஆண்டுகள் எனக்குத் தெரியாது. ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்க வந்தவர்களின் வெறியும் உச்சத்தில் இருந்த காலம். விளக்கை அணை என்று ஒரு தரப்பு சொல்லும். ஏன் அணைத்தாய் என்று மறு தரப்பு கேட்கும். 1989 ஒக்டோபரில் பேராதனைப் பல்கலைக்கழகக் குளத்தைச் சுற்றித் துண்டிக்கப்பட்ட தலைகள் வைக்கப்பட்டன. நான் கொழும்பில் இரவுப் பணியில் இருந்தேன். அவள் கைக்குழந்தையுடன் இங்கே இருந்தாள். விளக்கில்லை. எட்டு யன்னலிலும் எட்டுப் பேணி கட்டியிருந்தாளாம். குழந்தைக்கு வாங்கிய பால்மாப் பேணிகள். சனிக்கிழமைகளில் நான் வருவதற்கு முன் அவிழ்த்து அடுக்கிவிடுவாளாம்.

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் வந்ததும் நித்திரை கொள்வீர்கள்" என்றாள்.

பையனுக்குத் தமிழ் புரியவில்லை. நாங்கள் ஏதோ விலையைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் கொஞ்ச வேலைதான், செலவு அதிகமாகாது மாத்தயா என்றான்.

ஆறு யன்னல்கள் பிழைத்தன. பின் அறையினது மட்டும் இல்லை. குழாயின் கம்பியை வளைக்கையில் கண்ணாடி கீறி உடைந்துபோயிற்று. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும், அடுத்த முறை போகும்போது கொண்டு வருகிறேன் என்றான். அதுவரை முன் அறையிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பூட்டவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள் அவள்.

பெட்டியைச் சோதனை நிலையில் வைத்து, ஒவ்வொரு யன்னலாக அவள் திறந்தாள். நான் பெட்டியருகே நின்று ஒலியை எண்ணினேன். ஆறு.

அன்றிரவு பின் அறைப் பேணியை நானே கட்டினேன். கரண்டியைச் சாய்த்து வைத்தால் சத்தம் கேளாது, நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று கட்டிலில் இருந்தபடியே சொன்னாள். நிமிர்த்தி வைத்தேன்.