கிளட்ச் சத்தமும் கெட்டி ஆயிலும்

மோட்டார் சைக்கிளில் புதிதாக ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால் நம் வீடுகளில் இரண்டு வகையான பேச்சு எழும். "ஓடுகிற வரை ஓடட்டும்" என்பது ஒன்று. "யார் தலையிலாவது கட்டிவிடு" என்பது மற்றொன்று. சத்தம் எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்று நின்று கேட்பவர் மிகக் குறைவு. கலைப் பாடம் படித்துவிட்டு மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் இவருக்கு எஞ்சினைப் பற்றி எழுத என்ன உரிமை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஓதும்போது எவன் எந்த எழுத்தை விழுங்குகிறான் என்று பிரித்துக் கேட்பதே என் அன்றாடத் தொழில். அந்தப் பழக்கம் பட்டறையிலும் ஓரளவு கைகொடுத்தது.

என் மைத்துனரின் மகன் கம்பத்தில் குடியிருந்துகொண்டு, மலைக்கு மேலே வண்டன்மேட்டுப் பக்கத்தில் ஒரு சிறு ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்த்துவருகிறான். கம்பம்மெட்டு வரை தார்ச்சாலை. அதற்கப்பால் தோட்டத்துக்குச் செல்வது ஜீப்புகள் உழுது போட்ட செம்மண் தடம். மழை பெய்தால் சேறு, ஓய்ந்தால் கல். அந்தத் தடத்துக்கென்றே உயரமான, நீண்ட சஸ்பென்ஷனும் குமிழ் டயரும் கொண்ட மண்பாதை வண்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தான். வாங்கும்போது எஞ்சின் அமைதியாகவே இருந்ததாம். இரண்டு மாதம் கழித்து ஆயில் மாற்றினான். மறுநாள் முதல், நிறுத்தி நிதானமாக ஓடவிட்டால் வலப்பக்கத்தில் 'கடகட'வென்று ஒரு சத்தம், தகர டப்பாவுக்குள் புளியங்கொட்டையைப் போட்டு ஆட்டினாற்போல.

இது 2024 ஆகஸ்ட் மாதத்தில். ஏலக்காய் எல்லாம் ஒரே நாளில் முதிர்வதில்லை. ஒரே செடியைச் சுற்றுச் சுற்றாகப் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். பறித்ததை உடனே உலர்த்த வேண்டும். ஒரு சுற்றுத் தவறினால் காய் பழுத்து வெடித்துவிடும். அப்படிப்பட்ட பருவத்தில் பெரிய ஊரின் பணிமனை ஒன்று, எஞ்சினைத் திறக்காமலே, "கிராங்க் பேரிங் போயிருக்கலாம், முழுவதும் பிரிக்க வேண்டும், பத்து நாளாகும்" என்று சொல்லிவிட்டது. அவர்கள் கூறிய தொகை வண்டியை வாங்கிய விலையில் பாதியை நெருங்கியது.

அவன் என்னிடம் வந்தது பழுதுபார்க்க அன்று. "மாமா, கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும் என்கிறார்கள். ஊற்றி விற்றுவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் உண்டா?" என்று கேட்டான்.

சொன்னவர்கள் சொன்னது பொய்யன்று. தடித்த ஆயில் பற்களுக்கிடையே மெத்தைபோல் தங்கி உலோகம் உலோகத்தில் மோதும் ஓசையை மழுங்கடிக்கும். தேய்ந்தது தேய்ந்தபடியேதான் இருக்கும். குளிர்ந்த காலையில் அந்த ஆயில் எஞ்சினின் மேற்பகுதியை எட்டத் தாமதமாகும். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, நியூட்ரல் விழுவதே அரிதாகும். ஒருவேளை அவனுக்கு விற்றவரும் இதையே செய்திருக்கலாம். சான்று இல்லாததால் அதைப் பேசிப் பயனில்லை. ஆனால் குறையை மறைத்து விற்றால் வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்பதை வியாபாரப் பாடத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலைக்கு என்னைத் தேடி வந்திருக்க வேண்டாம் என்றேன். அவன் முகம் சுருங்கியது. "சத்தம் எங்கே என்று முதலில் பார்ப்போம், அதன் பிறகு விற்பதா வைத்திருப்பதா என்று பேசிக்கொள்ளலாம்" என்று அவனைத் தேற்றி அமரவைத்தேன்.

பார்க்க வேண்டிய உறுப்பைப் பற்றி இரண்டொரு சொல் சொல்லியாக வேண்டும். எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப் பெட்டிக்குக் கொண்டு சேர்ப்பதும், வேண்டும்போது துண்டிப்பதும் கிளட்ச். பெரும்பாலான வண்டிகளில் அது வலப்பக்க மூடிக்குள் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி இருக்கும். பெரிய பல்சக்கரம் ஒன்று. அதன் முகத்தில், விரித்து நிறுத்திய விரல்களைப் போன்ற சுவர்களுடன் ஓர் அலுமினியக் கூடை. உதிரிபாகக் கடைகளில் இதைக் கிளட்ச் அவுட்டர் என்பார்கள். கூடைக்குள் உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டுகளும் வெறும் ஸ்டீல் பிளேட்டுகளும் ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். முன்னவற்றின் காதுகள் கூடையின் விரலிடுக்குகளில் பொருந்தும். பின்னவற்றின் பற்கள் நடுவிலுள்ள சென்டரைப் பற்றியிருக்கும். ஸ்பிரிங்குகள் அழுத்தும்போது எல்லாம் ஒன்றாய்ச் சுழலும்; லீவரைப் பிடித்தால் பிடி தளர்ந்து தனித்தனியே நிற்கும்.

பலரும் அறியாத செய்தி, பல்சக்கரமும் கூடையும் ஒரே வார்ப்பு அல்ல என்பது. இரண்டுக்கும் இடையே குட்டையான, வலுவான ஸ்பிரிங்குகளை வைத்து, பின்னால் ஒரு தகட்டைச் சார்த்தி, ரிவிட் அடித்து இணைத்திருப்பார்கள். ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 1400 சுற்றில் சும்மா ஓடினாலும் அந்தப் பல்சக்கரத்தின் மேல் 700 அடிகள் விழுகின்றன. அவ்வடிகளைத் தாங்கி மென்மையாக்குவதே அந்தக் குட்டை ஸ்பிரிங்குகளின் பணி.

தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு அவை நெடுங்காலம் உழைக்கும். மண்பாதை வண்டியின் கதை வேறு. கல்லில் ஏறும் பின்சக்கரம் ஒரு கணம் வழுக்கிச் சுழல்கிறது, அடுத்த கணம் பிடிப்புக் கிடைத்துச் சட்டென்று தடைப்படுகிறது. அந்த அதிர்ச்சி முழுவதும் செயின் வழியாக, கியர் வழியாக, ஸ்பிரிங்குக்கும் ரிவிட்டுக்கும் வந்து சேர்கிறது. போதாதற்கு, ஏற்றத்தில் மெதுவாகச் செல்ல ஓட்டுநர் பாதிக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறார். பிளேட்டுகள் உரசிச் சூடேறுகின்றன. திராட்டிலைத் திருகி விடும் ஒவ்வொரு முறையும் பிளேட்டின் காதுகள் கூடையின் விரல்களை அடித்து அடித்துக் குழியாக்குகின்றன.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின், எங்கள் தெருவுக்கு அடுத்த சந்திலிருக்கும் முதிய மிஸ்திரியின் பட்டறைக்குச் சென்றோம். அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. எஞ்சின் நன்கு சூடாகும்வரை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, "ஹஜ்ரத், லீவரைப் பிடியுங்கள்" என்றார். பிடித்தேன், சத்தம் நின்றது. விட்டேன், வந்தது. நாலைந்து முறை அப்படியே.

வண்டி வைத்திருக்கும் சகோதரர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் அறிந்துவைத்திருக்க வேண்டும், காசு செலவில்லாதது. லீவரைப் பிடித்தாலும் விட்டாலும் சத்தம் மாறவில்லையென்றால் டேப்பெட், டைமிங் செயின், கிராங்க் என்று வேறிடங்களில் தேட வேண்டும். பிடிக்கும்போது மட்டும் சத்தம் பிறந்தால் பிளேட்டுகளைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கின் மேல் ஐயம் கொள்ளலாம். பிடித்ததும் அடங்கினால், கிளட்சோ கியர்ப் பெட்டியின் முதன்மைத் தண்டின் பேரிங்கோ காரணமாகும். இவ்விரண்டையும் பிரித்தறிய மிஸ்திரி ஐடிலைச் சிறிது கூட்டினார். பேரிங் என்றால் வேகம் கூடக்கூட முனகலும் கூடும். எங்கள் சத்தமோ வேகம் சற்று ஏறியதுமே மறைந்துபோயிற்று. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை வலப்பக்க மூடியில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்து என்னையும் கேட்கச் சொன்னார். கிராங்க் இருக்கும் பக்கம் சீரான ஓட்டம்; கிளட்ச் இருக்கும் பக்கம் அதே புளியங்கொட்டை ஓசை. பத்து நாள் வேலைக்கும் பாதி விலைக்கும் தேவையில்லை என்பது அங்கேயே முக்கால்வாசி தெளிவாகிவிட்டது.

மறுநாள் காலையில் பிரித்தோம். வடித்த ஆயிலில் அலுமினியத் தூள் மீன் செதிளைப்போல் மினுங்கியது. மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பிளேட்டுகளை வெளியே எடுத்த வரிசையிலேயே பழைய செய்தித்தாளின் மேல் பரப்பினோம். உராய்வு பிளேட்டுகளை வெர்னியரால் அளந்தார். தடிமன் வரம்புக்குள் இருந்தது. ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து விளிம்பில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார், எதுவும் வளையவில்லை. கூடையின் விரல்களில் குழிகள் இருந்தன, ஆனால் ஆழமில்லை. 'இவ்வளவுதானா' என்ற நிம்மதி என் மைத்துனர் மகனின் முகத்தில் தோன்றியது.

பின்னர் நடு நட்டைக் கழற்றி அவுட்டரை வெளியே எடுத்தார் மிஸ்திரி. ஒரு கையால் பல்சக்கரத்தையும் மறு கையால் கூடையையும் பிடித்துத் திருகினார். கைவலிமைக்கு அசையவே கூடாத அந்த இணைப்பு, கழன்ற கதவுக் கீலைப்போல் இரு பக்கமும் ஆடியது. பின்தகட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு ரிவிட்டின் தலை சாய்ந்து, எதிரிலிருந்த உலோகத்தில் உரசி ஒரு பக்கம் பளபளத்தது. மற்றொன்றை நகத்தால் அசைக்க முடிந்தது. "இந்தத் தலை உடைந்து விழுந்து பற்களுக்கு நடுவே போனால் எஞ்சின் அப்படியே இறுகிக்கொள்ளும்" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். எஞ்சின் இறுகினால் பின்சக்கரமும் இறுகும். ஓட்டுபவன் அந்த நொடியில் கிளட்சைப் பிடித்தாலும், உடைந்ததே கிளட்சாக இருக்கும்போது அது விடுவிக்கும் என்று நம்புவதற்கில்லை. வாரந்தோறும் கம்பம்மெட்டு வளைவுகளில் தன் உம்மாவைப் பின்னால் அமர்த்தி இறங்கி வருபவன் அவன். சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் அந்த ரிவிட்டைத் தடவிக்கொண்டிருந்தான். விற்பதைப் பற்றி அதற்குப்பின் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வாங்கியிருக்கக்கூடியவனுக்கும் ஓர் உம்மா இருந்திருப்பார் என்று எண்ணினானோ என்னவோ.

ரிவிட்டை மீண்டும் அடித்துத் தருவோர் மதுரையில் உண்டு என்றார் பட்டறையில் நின்ற ஒருவர். மிஸ்திரி மறுத்தார். துளைகளும் ஸ்பிரிங்குகளும் தேய்ந்த பிறகு ரிவிட்டை மட்டும் இறுக்கினால் சில மாதங்களில் மறுபடியும் இதே கதை என்பது அவர் வாதம். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. விரல்களிலுள்ள மெல்லிய குழிகளை நேர்த்தியாக அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். தளர்ந்த இணைப்புக்கு அரம் மருந்தாகாது. புதிய அவுட்டர் தேனியில் கிடைத்தது. அதனோடு நான்கு ஸ்பிரிங்குகளும் ஒரு கேஸ்கட்டும் மட்டும் வாங்கினோம். நல்ல நிலையிலிருந்த பிளேட்டுகளைத் துடைத்து, ஆயிலில் தோய்த்து, எடுத்த வரிசைப்படியே அடுக்கினோம். நடு நட்டின் பூட்டு வாஷரைப் பழையதே போதும் என்று அவன் சொன்னபோது மிஸ்திரி முறைத்தார், புதியதையே போட்டார். நட்டையும் போல்ட்டுகளையும் கைப்பதத்துக்கு விடாமல் டார்க் ரென்ச்சால் இறுக்கினார். இறுதியில் லீவரின் நுனியில் ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிமீட்டர் தளர்வு இருக்கும்படி கேபிளைத் திருத்தினார். எல்லாம் சேர்ந்து, பணிமனை கூறிய தொகையில் கால் பங்கை எட்டவில்லை.

ஆயில் விஷயத்தில் ஒரு சொல். காருக்குரிய விலையுயர்ந்த ஆயில் வண்டிக்கும் சிறந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் அவற்றுள் சிலவற்றில் உண்டு. நனைந்த கிளட்ச் உராய்வினால்தான் வேலை செய்கிறது. அதையே குறைத்தால் பிளேட் வழுக்காமல் என்ன செய்யும்? ஜப்பானியரின் ஜாசோ தரத்தில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, வண்டியின் கையேடு கூறும் தடிமனிலேயே வாங்க வேண்டும். எம்.பி. என்றிருப்பது பெரும்பாலும் ஸ்கூட்டர்களுக்கானது.

வண்டி இப்போது முற்றிலும் மௌனமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். காது வைத்துக் கேட்டால் மெல்லிய 'சரசர' இருக்கத்தான் செய்கிறது. பற்களுக்கிடையே சிறு இடைவெளி இல்லாமல் எந்தப் பல்சக்கரமும் சுழலாது. இத்தாலியின் டுகாட்டி நிறுவனம் ஆயிலில் நனையாத உலர் கிளட்சை வைத்துச் செய்த வண்டிகள், லீவரைப் பிடித்ததும் பாத்திரக்கடை சரிந்தாற்போல் சத்தமிடும். அதைக் கேட்பதற்கென்றே விரும்பி வாங்கியவர்கள் உண்டாம்! நமக்கு அந்தச் சுவை வேண்டியதில்லை.

மூன்று வாரம் கழித்து மலைமேலிருந்து போன் வந்தது. "மாமா, வேறொரு சத்தம்."

"கிளட்சைப் பிடித்தால் நிற்கிறதா?"

"இல்லை."

"வண்டி நின்று, எஞ்சின் மட்டும் ஓடினால்?"

சிறிது நேரம் மழையிரைச்சல் மட்டும் கேட்டது. "நின்றுவிடுகிறது மாமா... செயினுக்கு எண்ணெய் போட்டு இரண்டு வாரமாகிறது" என்று அவனே சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.